சமதளத்தில் கூடிய வேகம்

பெருமுக்கல் ஏரிக்கரைக்குக் கீழே, சமதளத்தில், மாமாவின் மூன்று சக்கர வண்டி என்னை விட்டுவிட்டு ஓடிய காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. "மாப்ள, நேத்தவிட ஜல்தியா போவுதுடா!" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அம்மாவின் தம்பி, சின்ன வயதிலேயே கால்கள் சூம்பிப்போனவர், டெய்லர். வீடு கரைக்கு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம், நடுவில் ஓர் ஏற்றம். கையால் சுற்றி ஓட்டும் வண்டி அதில் ஏறாது. யாராவது வந்து தள்ளிவிடும்வரை தினமும் ஏற்றத்தின் அடியில் காத்திருப்பார். வாய்விட்டு யாரையும் கேட்கமாட்டார்.

அதற்காகத்தான் அவர் வண்டிக்கு ஒரு மோட்டாரைச் செய்து பொருத்தினேன். விழுப்புரத்தில் ஒரு சின்ன மோட்டார் கம்பெனியில் டிசைன் வேலைக்குச் சேர்ந்த புதிது. எதையும் இன்றைக்கே செய்து முடித்துவிடும் அவசரம் எனக்கு. காந்தத்தை மெலிதாக்கினால் அதே கூட்டுக்குள் சுழலும் பகுதியைப் பெரிதாக்கலாம், கம்பியைக் கூடுதலாகச் சுற்றலாம், இழுவை கூடும் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை மாமா ஒரே மூச்சில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தின் தொடக்கத்திலேயே முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. அவர் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. மோட்டார் சுழல முடியாமல் உறுமியது. பின்னால் இழுத்துச் சமதளத்தில் விட்டோம். அப்போதுதான் அந்த ஓட்டம்.

நிரந்தரக் காந்த மோட்டாரில் காந்தம் பலம் இழந்தால், பாரமில்லாத ஓட்டத்தில் வேகம் கூடும், இழுவை போய்விடும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். சிக்கி நின்ற மோட்டாருக்குள் பாய்ந்த கரண்ட் என் மெல்லிய காந்தத்தைப் பாதி கொன்றுவிட்டிருந்தது. நானோ 'வேகம் கூடியது' என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு, ஏற்றத்தில் இன்னொரு முறை ஏற்றிப் பார்க்காமலே பஸ் பிடித்தேன்.

விழுப்புரத்து அறையில் எனக்கு வேறு பேச்சுத்துணை இல்லை. வாராவாரம் மாமாவுக்குப் போன் செய்வேன். "நல்லா ஓடுது மாப்ள, நீ வேலையப் பாரு" என்பார். நான்கு மாதம் கழித்துப் போனபோது வண்டியின்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. கடையைக் காலி செய்து தையல் மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டிருந்தார். அத்தைதான் சொன்னாள்: "திங்கக்கிழமையே பாதி ஏத்தத்துல நின்னுடுச்சுப்பா. டீக்கடைல இருந்தவனுங்க, 'இன்னா டெய்லரே, மோட்டாரு வெச்சும் தள்ளுவண்டிதானா?'ன்னு சிரிச்சிக்கினே வந்து தள்ளுனானுங்களாம். அதோட சரி."

"எனக்கு ஏன் சொல்லல?"

"புள்ள மனசு ஒடிஞ்சிடும்னாரு."

தடித்த காந்தம் வைத்து, கரண்டுக்கும் வரம்பு கட்டி, வேறொரு மோட்டார் செய்து போன மாதம் கொண்டுபோனேன். மாமா, கையால் சுற்றித் தைக்கும் அந்த மிஷினிலிருந்து தலை தூக்கவில்லை. "நீயே ஓட்டிப் பாரு மாப்ள" என்றார். அவர் எடைக்கு மணல் மூட்டையை ஏற்றிவைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அதே பள்ளத்தில் வேண்டுமென்றே சக்கரத்தை விட்டு, பத்து எண்ணும்வரை சுவிட்சை அழுத்தினேன். பிறகு வெளியே இழுத்து ஏற்றினேன். சிரமமே இல்லாமல் ஏறியது.

மேலே நின்று போன் செய்தேன். "மாமா, ஏறிடுச்சு. பள்ளத்துல மாட்டவெச்சும் பாத்துட்டேன், அப்பவும் ஏறிடுச்சு."

போனில் மிஷின் சத்தம் நின்றது.

"மூட்டையப் பாத்து எவன் சிரிக்கப்போறான், மாப்ள."

போனை வைத்துவிட்டார். கரையின் அந்தப் பக்கம், அவர் கடை இருந்த இடத்தில், யாரோ செல்போன் கவர்களை வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் மூட்டையும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.