குன்றிமணிக் கண்

காலை பதினொன்று பத்துக்கு நல்லம்பள்ளியிலிருந்து அந்த அழைப்பு வந்தது. பேசியவர், முந்தின நாள் தன் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு, அவளுக்கும் விருந்துக்கு வந்த ஐந்து குழந்தைகளுக்குமாக எங்களிடம் ஆறு துணி யானைகள் வாங்கிய பெண்.

"சார், யானைக்கு ஒத்தக் கண்ணு காணோங்க. பாப்பா வாயில வச்சுக் கடிச்சுட்டு இருந்தா. அது பாசிமணிதானுங்களே?"

அது குன்றிமணி.

யானை செய்வது என் மகளின் தொழில். பத்தாம் வகுப்பு விடுமுறையில், தையல்கடை வெட்டுத்துணியில் விளையாட்டாக ஆரம்பித்தாள். முதல் யானைக்கு ஒரு காது பெரிது. கூடப் படித்தவர்கள் கேட்டார்கள், பிறகு அவர்கள் வீட்டார் கேட்டார்கள். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. முன்னறையில் இரண்டு தையல் மிஷின்கள், வாரம் தவறாமல் பெங்களூருக்குப் பார்சல். கண்களைக் கறுப்பு நூலால் மட்டுமே தைப்பாள். காதையும் வாலையும் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்த பிறகுதான் பையில் போடுவாள்.

"நாய்க்குட்டி தோத்துச்சு போ" என்று கேலி செய்வேன்.

"கொழந்தைங்க இதைவிட மோசமாக் கடிக்கும்ப்பா" என்பாள்.

அந்த ஆறு யானைகளுக்குக் கண் மட்டும் பாக்கி இருந்தபோது அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். எனக்குத் தைக்கத் தெரியாது. சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணியில்தானே கண் வைக்கிறோம், யானைக்கும் அதுவே பொருந்தும் என்று தோன்றியது. தெருமுனை வேலியில் பறித்து, பசை தடவி ஒட்டி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடித்தால் விஷம் என்று பள்ளியில் படித்தவன்தான். ஒட்டும்போது அழகு மட்டுமே தெரிந்தது. கண் வைத்துவிட்டேன் என்று மகளிடம் சொன்னேன். எதை வைத்தேன் என்று சொல்லவில்லை.

"ஆமாங்க, பாசிதான்" என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் போர்வையோடு உட்கார்ந்திருந்த மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னத்தப்பா ஒட்டுன?"

சொன்னேன். எதிர்முனையில் அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா, அது குன்றிமணி. கடிச்சிருந்தா விஷம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, டாக்டர்கிட்ட குன்றிமணின்னே சொல்லுங்க. மத்த அஞ்சும் யார் வூட்ல இருக்கோ, அவங்க நம்பரை அனுப்புங்க."

நம்பர்கள் வந்ததும் ஐந்து வீடுகளுக்கும் அவளே பேசினாள். "எங்க தப்புங்க" என்றாள். அப்பா செய்தது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கடைசி வீட்டில், "பொம்மை விக்கிறீங்களா, இல்ல விஷம் விக்கிறீங்களா?" என்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அந்த யானைகளில் பத்துக் கண்களும் பத்திரமாக இருந்தன.

நல்லம்பள்ளிப் பெண் மட்டும் அதன்பின் போனை எடுக்கவில்லை. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. சோறு ஆறிப்போனது.

"நான் போயிப் பாத்துட்டு வரட்டுமா?"

"போயி என்ன சொல்லுவ?" என்றாள் மகள்.

நாலு மணிக்கு வாசலில் ஒரு பைக் நின்றது. குழந்தையின் அப்பா. கையில் யானை. இருவரும் எழுந்து நின்றோம்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க. ஆஸ்பத்திரில படுக்க வச்சுப் பாத்துட்டு இருந்தாங்க. நான் வூடு பூராத் தேடுனேன். தூளி மடிப்புல கெடந்துச்சு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குன்றிமணியில் ஒரு கீறல் இல்லை. அவர் யானையை மகளிடம் நீட்டினார்.

"இன்னொரு கண்ணை நானே பிச்சுட்டேன். நூல்ல தச்சுக் குடும்மா, உக்காந்துருக்கேன். கண்ணில்லாமக் குடுத்தா அவ தொடமாட்டா."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க மட்டும் கிட்ட வராதீங்க."