வெர்லன் டீசன் மிதிக்காத படி

வெர்லன் டீசனுக்கு மாற்றம் என்றாலே ஆகாது. நாற்பது வருடமாக ஒரே ரகக் காலணி, ஒரே கட்சிக்கு ஓட்டு, ஞாயிறு மதியம் அதே பொரித்த கோழி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் எங்கள் மலைமேட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர். அவர் வண்டியில் ஏறினால் ரேடியோவில் அவர் கட்சிக்காரன் எவனாவது கத்திக்கொண்டே வருவான். நானோ எதிர்க்கட்சிக்காரி, பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்.

"டீச்சரம்மா, உங்க ஆளு ஜெயிச்சா என் கோழிக்கும் வரி போடுவான்" என்பார்.

"போடட்டும். உங்க வீட்டுல கோழியாவது நாட்டுக்கு உபயோகமா இருக்கட்டும்" என்பேன்.

இந்த மாதிரி மனிதர்களின் மனம் புதியதைக் கண்டு அஞ்சுகிற மனம் என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும். அவர்கள் வெர்லனைப் பார்த்ததில்லை.

வருடா வருடம் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்ன மரச் சர்ச்சில் பாட்டு நடக்கும். மேல்குரல், கீழ்க்குரல் என்று நாலு வகைக் குரலுக்கு நாலு பக்கம் பெஞ்சு, ஒன்றையொன்று பார்த்தபடி. நடுவில் வெற்றிடம். வாத்தியம் கிடையாது, கைதட்டல் கிடையாது, சும்மா கேட்க வந்தவர் என்று ஒருவரும் கிடையாது. ஒவ்வொருவராக நடுவில் போய் நின்று ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி, கையசைத்துத் தாளம் காட்ட வேண்டும். நாலு பக்கமிருந்தும் பாட்டு அந்த ஒரு ஆளின் மேல் வந்து விழும். முதல் தடவை அங்கே நின்றபோது, ஜெபத்துக்கே போகாதவள் நான், கடவுளே என்று சொல்லிவிட்டேன்.

அங்கே ஒரே ஒரு விதி. வந்தவர் யாராக இருந்தாலும், ஊர்பேர் தெரியாதவராக இருந்தாலும், பெயர் சொல்லி நடுவுக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிற வேலை வெர்லனுடையது. அவர் தாத்தாவும் அதையே செய்தார்.

வெர்லனுக்கு ஒரே மகள், டார்லா. தாயில்லாப் பெண்ணை ஒரு பெட்டி மேல் நிற்க வைத்து அந்த நடுவிலேயே பாடப் பழக்கியவர் அவர்தான். அவள் அட்லாண்டாவுக்குப் போய் என் கட்சிக்கு வேலை பார்க்க ஆரம்பித்தாள். ஒரு தேர்தல் வருடம், நவம்பரில் குடும்பமெல்லாம் கூடுகிற நன்றியறிதல் நாள் விருந்துக்கு, கட்சி விளம்பர அட்டை ஒட்டிய காரில் வந்து இறங்கினாள். வான்கோழி ஆறுவதற்குள் சண்டை முற்றிவிட்டது. வெர்லன் முன்வாசல் படியில் நின்று, "இந்தப் படியை நீ இனிமே மிதிக்கக் கூடாது. உன் பேரும் என் வாயில வராது" என்றார்.

"வராட்டிப் போகட்டும்" என்று அவளும் போய்விட்டாள். தகப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். மூன்று வருடம் அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. 'என் பெண்' என்றுகூடச் சொல்லவில்லை. ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார்.

போன ஜூலைப் பாட்டுக்கு டார்லா வந்தாள். பெண்குரல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலை முழுக்க வெர்லன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். இவள் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் அவள் ஒருத்திதான் பாக்கி.

"எல்லாரும் பாடியாச்சே, சாப்பிடப் போலாமா?" என்றான் எதிர்பெஞ்சில் இருந்த ஒரு அவசரக்காரன்.

"இன்னும் ஒருத்தங்க இருக்காங்க" என்றார் வெர்லன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் வேணா கூப்பிடட்டுமா?"

"என் வேலையை நான் பாத்துக்கறேன், டீச்சரம்மா."

எழுந்தார். உதட்டை நனைத்துக்கொண்டார். "டார்லா டீசன்" என்றார். கடைசி எழுத்து உடைந்துவிட்டது.

அவள் நடுவில் போய் நின்று, சின்ன வயதில் பெட்டி மேல் நின்று பாடிய அதே பாட்டைச் சொன்னாள். அவள் கை இறங்கியது, நாலு பக்கமும் பாட்டு எழுந்தது. இரண்டாவது அடியில் அவள் குரல் அடைத்தது. பாட்டு நிற்கவில்லை. முன்பெஞ்சில் அவளுக்கு நேர் எதிரே வெர்லன், கண்ணை எடுக்காமல், கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். அந்த அறையில் பாதிப் பேர் மறுபாதிக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள். அத்தனை பேரும் சேர்ந்து அவளைத் தாங்கினார்கள். அவளுக்கு வீட்டை அடைத்த அதே பிடிவாதம்தான், சர்ச் விதியை மீறவிடாமல் அவர் வாயைத் திறக்கவும் வைத்தது. நான் பிரமித்துப் போனேன், இன்னும் அந்தப் பிரமிப்பு போகவில்லை.

பிறகு மரத்தடியில் சாப்பாடு. வெர்லன் தட்டோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டாவது அடியை இன்னும் இழுக்கறே."

"நீங்கதான் அவசரப்பட்டீங்க, அப்பா."

வாயிலிருந்த கோழியை மென்று விழுங்கினார். "ஒரு வார்த்தையை இன்னிக்கு மீறிட்டேன். ரெண்டையும் மீற மாட்டேன். அந்தப் படியை நீ மிதிக்கக் கூடாது."

அவள் முகம் சுருங்கியது.

"பின்வாசல்ல படி கிடையாது. அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலே" என்றார்.

இன்றைக்கும் இருவரும் வெவ்வேறு கட்சிதான். மாதம் ஒருமுறை டார்லா வருகிறாள், கோழிக்கூண்டைச் சுற்றிப் பின்பக்கமாக. சமீபத்தில் நான் போயிருந்தபோது முன்வாசல் படியில் புல் முளைத்திருந்தது. வெர்லனே பின்பக்கமாகத்தான் சுற்றி வந்தார்.

"உங்களுக்கு என்ன தடை?" என்று கேட்டேன்.

"அவ மிதிக்காத படியை நான் மட்டும் எப்படி மிதிக்கிறது, டீச்சரம்மா?"