தாம்பாளத்தில் ஒரு சிகரெட்

வெளிநாட்டில், மவுண்ட் ரோஸ்கில் என்ற புறநகரில் வாடகைக்கு அறை பார்க்கப் போன அன்று, வீட்டின் பின்புறம் வெண்புகை எழுவதைக் கண்டு "தீ! தீ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். துணிக்கொடி அருகே நின்றவர் சிரித்தார்.

"வேப், தம்பி. மின்சார சிகரெட்டு. மாம்பழ வாசம் வரல?"

அந்த வீட்டிலேயே குடியிருந்த மாரிசாமி அண்ணன் சாத்தூர்க்காரர். இங்கே சூப்பர்மார்க்கெட் கிடங்கில் வேலை. முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர். வரி ஏறி ஏறி ஒரு பாக்கெட் நாற்பது டாலரைத் தொட்டபோதும் விடவில்லை. மாரடைப்பு வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகுதான், மருத்துவமனையில் சொன்னபடி வேப்புக்கு மாறினார். நான் பார்த்தபோது பதினான்கு மாதமாகச் சிகரெட்டைத் தொட்டிருக்கவில்லை.

போன தை மாதம் ஊரில் அவர் மகள் சிந்துவுக்குக் கல்யாணம். சிங்கப்பூர் வழியாக டிக்கெட். "படிச்ச புள்ள, வேப்பைக் கொண்டுபோலாமான்னு சட்டத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்று போனை நீட்டினார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அந்தக் கர்வத்தோடுதான் வாங்கிப் படித்தேன். சிங்கப்பூரில் விமானம் மாறும்போதுகூட வேப் வைத்திருப்பது குற்றம். இந்தியாவுக்குள் கொண்டுபோகவும் தடை.

"சிகரெட்டு?"

"அது பெட்டிக்கடையிலயே கிடைக்குமே அண்ணே."

அவர் போனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். "கொல்றதைக் கடையில விக்கிறான். என்னைய அதுலேருந்து இழுத்துட்டு வந்ததுக்கு ஜெயிலா?"

ஜெயிலைவிட அவர் பயந்தது தாம்பாளத்துக்கு. அவர்கள் ஊர்ப் பக்கம் பெண்ணின் அப்பா வெற்றிலை பாக்கோடு சிகரெட்டும் வைத்துச் சம்பந்தி வீட்டாரிடம் நீட்ட வேண்டும். அவர்கள் அதில் ஒன்றை எடுத்து அவருக்கும் கொடுப்பார்கள்; மறுத்தால் அவமரியாதை.

"நெஞ்சுல ஆபரேஷன்னு சொல்லிருங்க அண்ணே."

"தாலி ஏறுறதுக்கு முன்னாடியா? சீக்காளி வீட்டுப் பொண்ணுன்னு..."

தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டைகளை வாங்கிக்கொண்டு கிளம்பினார். விமான நிலையத்தில் சட்டைப்பையைத் தடவிய கை அப்படியே நின்றது. பழக்கதோஷத்தில் வேப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழியனுப்பப் போன என் கையில் திணித்தபோது அது வியர்வையில் நனைந்திருந்தது.

கல்யாணத்தன்று மண்டபத்துப் பின்வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"ஒண்ணு பிடிச்சிட்டேன் தம்பி. சம்பந்தியே பத்த வச்சுட்டாரு. பங்கஜத்துக்குத் தெரியாது."

பங்கஜம் அவர் மனைவி. "நெஞ்சு வலிக்குதா அண்ணே?"

"வலி இல்ல. இன்னொண்ணு வேணும்னு இருக்கு. அதான் பயமா இருக்கு."

மாரிசாமி அண்ணன் இப்போது ரோஸ்கில்லில், அதே வீட்டில் இருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று சிகரெட், மீதி நேரம் வேப். வரும் வியாழக்கிழமை இதய மருத்துவரிடம் போகிறார். நானும் கூடப் போகிறேன்.