அம்மாவைப் பதிவு செய்யப் போனது

திண்டுக்கல் கல்லூரியில் நான் மொழியியல் பாடம் நடத்தக் கிடைத்த நூல்களில் எந்தெந்த ஊர்ப் பேச்சோ இருந்தது, எங்கள் ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை. நூலகத்திலும் இணையத்திலும் தேடிச் சலித்து, நாமே பதிவு செய்தால் என்ன என்று செல்போனோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனேன். லாரிக்காரரைச் சரளமாக ஏசிக்கொண்டிருந்த ஒரு வியாபாரி, போனை நீட்டியதும் தொண்டையைச் செருமி, "தக்காளி விளைச்சல் இவ்வாண்டு சிறப்பாக உள்ளது" என்றார். டிவிக்காரி என்று நினைத்துவிட்டார் பாவம்.

அம்மா இருக்கிறாளே என்று சித்தையன்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். குரல் மட்டும்தான் பதிவாகும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அப்படியும் தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கீரை எப்படிக் கடைவாய் என்று கேட்டால், "முதலில் கீரையை நன்றாகக் கழுவ வேண்டும்" என்கிறாள்.

"சும்மா எப்பவும் போலப் பேசும்மா."

"சரிங்க" என்றாள், பெற்ற மகளிடம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. போனை அப்படியே மேசையில் விட்டுவிட்டு, முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். பதிவை நிறுத்த மறந்தது திண்டுக்கல் வீட்டுக்குத் திரும்பிப் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது.

நான் நகர்ந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வந்திருக்கிறார். "என்ன மதினி, பட்டெல்லாம் கட்டிருக்க?"

"எம்மவ பாடத்துக்குப் பேசச் சொல்றா. அவகிட்டப் பாத்துல்ல பேசணும். நம்ம பேச்சு அவளுக்குக் கூச்சம். காலேசுல படிக்கையில, பிள்ளைக முன்னாடி இப்டிப் பேசாதம்மான்னுட்டா. அன்னையிலருந்து அவ வந்தா செத்த நிதானிச்சுக்கிறது. மத்தவககிட்ட நான் எம்புட்டுப் பேசுவேன், உனக்குத் தெரியாதா?"

இருவரும் சிரித்தார்கள்.

நான் தேடியதெல்லாம் அதில் இருந்தது. கல்லூரி விடுதி வாசலில் அம்மா, "வெஞ்சனம் கொண்டாந்திருக்கேன், ஆறுமுன்ன தின்னுங்க" என்று பொரியல் இருந்த தூக்குவாளியை நீட்டியபோது தோழிகள் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்ததும், பிறகு நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அன்று மாலையே நான் மறந்துபோனதை அவள் இருபது வருஷமாகக் கடைப்பிடித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுதேன்.

பேசியவர் சம்மதிக்காமல் பதிவைப் பயன்படுத்தக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நான் இல்லாதப்ப நீ பேசுனதும் பதிவாயிருச்சும்மா. வகுப்புல போடவா? வேணாம்னா அழிச்சிடுறேன்."

"அதுவா? அது நல்லாவா இருக்கு?"

"அதுதாம்மா நல்லா இருக்கு. அன்னைக்கு உன்னைப் பேசாதன்னு சொன்னது என் தப்பு."

"சரி, போட்டுக்க. அது கெடக்கு. சாப்டியா? என்ன வெஞ்சனம் வச்ச?"

ரசத்தோடு நிறுத்திவிட்டேன், தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை என்ற உண்மையைச் சொல்லி, வெகுகாலத்துக்குப் பிறகு அவளிடம் வயிறார ஏச்சு வாங்கினேன்.