நற்கருணைக்கு எழாத ஆறு ஞாயிறுகள்

என் மனைவி இறந்து பத்து மாதங்கள் ஆகின்றன. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் என் நிதானத்தைப் பாராட்டிச் சென்றார்கள். அந்தப் பாராட்டைப் பெற்றுக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அந்த நிதானம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம்கூடச் சொல்லவில்லை.

எண்பதுகளில் தருமபுரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தேன். பேருந்து நடத்துநர் ஒரு சொல் கூடுதலாகப் பேசினால் நடுவழியில் இறங்கி, மீதித் தொலைவை வெயிலில் நடப்பேன். செய்முறைப் பதிவேட்டில் ஒரு வரைபடம் பிசகியிருந்தால் அந்த ஏடு சன்னல் வழியாக வெளியே போகும். முதல்வரின் மேசை இழுப்பறையில் என் ராஜினாமாக் கடிதங்கள் மூன்று கிடந்தன. அவர் நல்ல மனிதர்; எதையும் மேலிடத்துக்கு அனுப்பவில்லை. கால்மணி நேரத்துக்குள் எனக்கு வருத்தம் வந்துவிடும். ஆனால் காரியம் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

எங்கள் ஒரே மகளுக்குப் புதுநன்மை கொடுத்த நாளிலும் அப்படித்தான் நடந்தது. பிள்ளை முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும்போது உடுத்தும் வெள்ளை அங்கியைத் தாய்மாமன் கொண்டுவருவது எங்கள் வழக்கம். என் மனைவியின் அண்ணன் ஏரியூர்ப் பக்கம் விவசாயம் பார்த்துவந்தார். முந்தின நாள் மாலையே வந்திருக்க வேண்டியவர், பூசை தொடங்கும்வரை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய அங்கியைக் கடன் வாங்கி மகளுக்கு உடுத்தினோம். பூசை முடிந்து, வீட்டில் விருந்தினர் இலைகளின் முன் அமர்ந்த பிறகுதான் அவர் வாசலில் வந்து நின்றார். கையில் சீர்த்தட்டு. முழங்கால்வரை செம்மண் புழுதி.

"பூசை முடிஞ்சி போச்சுங்களா, மாப்ள?"

"முடிஞ்சது. உங்களுக்காக சாமியார் காத்துக்கிட்டு இருப்பாரா? நேரத்துக்கு வராத சீர் எங்களுக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

சொன்னதோடு நிற்காமல் தட்டை அவர் மார்பை நோக்கித் தள்ளினேன். அவர் தங்கையைப் பார்த்தார். அவள் குழம்புக் கரண்டியோடு அசையாமல் நின்றாள். அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். இவ்வளவும் நடக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

சகோதரனோடு பகை இருக்கும்போது பீடத்தை நெருங்கக் கூடாது என்பதைச் சிறுவயதிலேயே கற்றிருந்தேன். அடுத்த ஞாயிறு நற்கருணைக்கு எல்லோரும் வரிசையில் எழுந்தபோது நான் எழவில்லை. ஏரியூருக்குப் போய் மன்னிப்புக் கேட்பதைவிட நற்கருணையை விட்டுவிடுவது எனக்கு எளிதாக இருந்தது. பெண்கள் பக்கம் தற்செயலாகத் திரும்பினேன். என் மனைவியும் எழவில்லை. புதிதாக நன்மை வாங்கிய எங்கள் மகள் மட்டும் கைகுவித்துத் தனியாக நடந்து போனாள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வீட்டில் அவள் வழக்கம்போல் சமைத்தாள், பேசினாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

நான்காம் ஞாயிறு நற்செய்தி வாசிக்கும் முன், எல்லோரையும் போல் நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் கட்டைவிரலால் சிறு சிலுவை வரைந்தேன். பல்லாண்டுகளாகப் பழகிய செய்கை. அன்று விரல் உதட்டிலேயே நின்றுவிட்டது. இந்த வாயை இத்தனை காலமும் யாருக்கு ஒப்புக்கொடுத்து வந்தேன் என்று எண்ணினேன். மறுநாள் முதல், பதில் சொல்லுமுன் உதட்டில் அந்தச் சிலுவையை வரையத் தொடங்கினேன். "பல் வலிங்களா சார்?" என்று உடன் பணிபுரிந்தவர் கேட்டார். நான் மீசையை ஒதுக்குவதாக நினைத்து மாணவர்கள் அதை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதுவரை எந்த உறுதிமொழிக்கும் கட்டுப்படாத கொதிப்பு ஒரு விரலின் கீழ் அடங்கியது. நான் அடக்கியதாக ஒருமுறைகூட உணரவில்லை. அதன் காரணத்தை இயற்பியல் அறிந்த என் மூளை தேடிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

ஆறாம் ஞாயிறு வீடு திரும்பும் வழியில் மனைவியிடம் கேட்டேன்.

"நான் போகாததுக்குக் காரணம் இருக்கு. நீ ஏன் போக மாட்டேங்கிற?"

"ஒரே வூட்டுச் சோறு தானுங்க அது. நீங்க பட்டினி இருக்கறப்ப நான் மட்டும் எப்பிடிப் போயி வாங்கறது?"

"எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. பசிதான்."

அடுத்து வந்த சனிக்கிழமை ஏரியூருக்குப் பேருந்து ஏறினேன்.

மைத்துனர் நிலத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கரண்டு இருக்கும்போதே பாய்ச்சியாக வேண்டும் என்பதால் அவர் வேலையை நிறுத்தவில்லை. நான் வரப்பின்மேல் அவர் பின்னாலேயே நடந்தேன்.

"வாங்க மாப்ள. இன்னிக்கி பஸ்ஸு ஒழுங்கா வந்துதுங்களா?"

"வந்தது, மச்சான்."

"லேட்டா வர்ற பசங்கள வெளிய நிக்க வெப்பீங்களாமே. படிக்கிற புள்ளைங்களுக்கே அப்பிடின்னா, கைநாட்டு நான் எந்த மூலைக்கு?"

'முந்தின நாளே வந்திருக்கலாமே' என்ற வாக்கியம், தருக்கப் பிழை ஏதுமின்றி, என் நாவின் நுனிக்கு வந்தது. விரலை உதட்டுக்குக் கொண்டுபோனேன்.

"என்ன மாப்ள, வாயில ஈ மொய்க்குதா?"

"சிலுவை போட்டுக்கிறேன், மச்சான். என் வாய் நல்ல வாய் இல்ல."

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். நாவில் இருந்த வாக்கியம் அதற்குள் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில், அன்று வாசலில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வந்தது.

"அன்னைக்கு எப்படி வந்து சேர்ந்தீங்க?"

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"தையக்காரன் முந்தின நாள் பொழுது சாஞ்சிதான் துணியக் குடுத்தான். கடைசி பஸ்ஸு போயிருச்சி. காலையில ஏறுனா, பென்னாகரம் வர்றதுக்கு முந்தியே வண்டி படுத்துக்கிச்சி. நடந்தேன். வெள்ளத்துணியாச்சே, புழுதி படக்கூடாதுன்னு துண்டப் போத்தித் தட்டத் தலைமேல வெச்சிக்கிட்டேன். பென்னாகரத்துல வேற பஸ்ஸு புடிச்சி வந்தா, நீங்க…"

நான் சொல்லாமல் விழுங்கிய வாக்கியத்துக்கு அவர் விடை சொல்லியிருந்தார். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வெளிப்பட்டிருந்தால் இந்த விடை எந்நாளும் என்னை வந்தடைந்திராது. உச்சிவெயிலில், ஈர மண்ணின் நடுவே, கோயிலில் நிற்பவனைப் போல் நின்றேன்.

"தப்பு பண்ணிட்டேன், மச்சான். என்னை மன்னிச்சிருங்க."

அவர் கொஞ்ச தூரத்தில் ஒரு பாத்தியைக் காட்டினார். "அங்க மடை ஒடையுது பாருங்க. சும்மா நிக்காம ரெண்டு கை மண்ணு அள்ளிப் போடுங்க, மாப்ள." கால்சட்டையை முழங்காலுக்குமேல் மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினேன். பிற்பகல் அவர் வீட்டில் களி உண்டு, மாலைப் பேருந்தில் திரும்பினேன்.

"போயிட்டு வந்தேன்" என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். அவள் தலையசைத்தாள்.

மறுநாள் நற்கருணை வேளையில் எழுந்து வரிசைக்கு வந்தபோது, அவள் எனக்கு முன்பே எழுந்து, பெண்கள் வரிசையின் ஓரத்தில் எனக்காகக் காத்து நின்றாள். பீடத்தின் முன் அருகருகே வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து அவரவர் இடத்தில் முழந்தாளிட்டோம். சிறிது நேரம் கழித்துத் தலையை உயர்த்தி அந்தப் பக்கம் பார்த்தேன். முக்காட்டுக்குள் அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அந்த ஆறு வாரங்களில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.