அன்னூர் சாலைக்கு வந்த துறைமுகம்

கடற்கரை நகரம் ஒன்றில் கன்டெய்னர் லாரிகளின் புகையால் காற்று கெட்டுப்போயிற்று. காற்றும் தேற வேண்டும், ஏற்றுமதியும் குறையக் கூடாது. வல்லுநர்கள் ஆழ்ந்து யோசித்து, அங்கே நின்ற லாரிகளை இங்கே நிற்க வைத்தார்கள். சரக்கைச் சோதித்து, முத்திரையிட்டு, கப்பலுக்கு அனுப்பும் ‘உலர் துறைமுகம்’ அன்னூர் சாலைக்கு அப்படித்தான் வந்தது. கடல் ஒன்றுதான் பாக்கி.

அதன் வாசலுக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்தாள் அன்புக்கரசி. பெற்றோர் பிறர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள்; அவளுக்குச் சொந்தமாக ஒரு கடை. சாலையோரம் லாரிகள் நிற்க நிற்க வியாபாரம் பெருகியது, இருமலும் கூடவே பெருகியது. சட்னியில் புழுதி மிதந்தது.

“லாரி போனா ஏவாரமும் போயிரும் புள்ள,” என்றான் கணவன் மயில்சாமி.

“அதுக்குன்னு மண்ணத் திங்கச் சொல்றீங்களா?”

சரவணம்பட்டி ஓட்டல் ஒன்றில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. திரையில் அலையாத்திக் காடும் கடற்பறவைகளும் ஓடின. கடற்கரை நகரத்துக்குத் தயாரித்த படத்தை வீணாக்குவானேன்? “கடலோர மக்கள் குறைகளைச் சொல்லலாம்,” என்று வாசித்தார் அதிகாரி மோகன்குமார்.

அன்புக்கரசி எழுந்தாள். “கடல நாங்க பாத்ததே இல்லீங்க சார். லாரிய ரோட்டுல நிறுத்தாம உள்ள நிறுத்தச் சொல்லுங்க, போதும்.”

பலத்த கைதட்டல். அவளுடைய கெட்ட நேரம், அரசாங்கம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டது.

உள்ளே லாரிப் பேட்டை அமைந்தது, குளிரூட்டிய கேன்டீனோடு. சாலை பளிச்சென்று ஆயிற்று. அவளது இட்லியும்தான், தின்னத்தான் ஆளில்லை. பாராட்டிப் போக மோகன்குமார் வந்தார்.

“காத்து எப்படிம்மா இருக்குது?”

“நல்லா இருக்குதுங்க சார். ஈ ஓட்டறதுக்குத் தோதா இருக்குது.”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டு வாங்கிய நஷ்டத்தை யாரிடம் சொல்லி அழுவது?

பழைய வாடிக்கையாளரான டிரைவர் முஸ்தபா ஒருநாள் நடந்தே வந்தார். “அக்கா, உள்ள குடுக்கற இட்லிய முழுங்க முடியல. பொட்டலம் கட்டிக் கொண்டாந்திருங்க.”

காவலாளி மறித்தான்: பாஸ் வேண்டும். மோகன்குமாரிடமே போனாள். ஏற்றுமதியாளர், சுங்க முகவர், மாலுமி என்று எல்லாருக்கும் பாஸ் உண்டு, இட்லிக்கடைக்காரிக்கு இல்லை. அவர் தலையைச் சொறிந்துவிட்டு, ‘கப்பல்களுக்கு உணவு வழங்குபவர்’ என்ற பிரிவில் அவளைச் சேர்த்தார்.

மறுநாள், உள்ளே போகிறவர்களுக்குக் கட்டாயமான மின்னும் பாதுகாப்புச் சட்டையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு, மொபெட்டில் தூக்குவாளிகளைக் கட்டினாள் அன்புக்கரசி. பாஸைப் படித்த மயில்சாமிக்குச் சிரிப்பு தாளவில்லை.

“கப்பலுக்கே சோறு போடறியா புள்ள?”

“வந்தா அதுக்கும் போடுவனுங்க. நவுருங்க, சாம்பார் ஆறுது.”