மூன்று ஓலை

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் சாமியார் யாரோ ஒரு பெண்ணுக்குக் கல்யாண ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிற அறிவிப்பு. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். பெண்ணையும் தெரியாது, மாப்பிள்ளையையும் தெரியாது. இருந்தும் 'தடை ஏதும்' என்ற இடத்தில் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் "என்ன, சொகமில்லியா?" என்று கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன்.

அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் தகரத்தின் மணத்தில்தான் தொடங்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்களை வரிசையாகத் தகரக் கொட்டகைகளில் வைத்திருந்தார்கள். மத்தியான வெயிலில் தகரம் சுட்டு, துருவும் வியர்வையும் கலந்து ஒரு மணம் வரும். நான் முட்டத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். பெரியவர்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. ஆனால் பொழுது சாயும் நேரம் கொட்டகைக்குப் பின்னால் கூடும் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன். பதிமூன்று, பதினைந்து வயதுப் பிள்ளைகள். கதை கேட்கும் வயது தாண்டிவிட்டதே என்று வெட்கப்பட்டுக்கொண்டே கேட்பார்கள். பதிலுக்குத் தங்கள் ரகசியங்களைச் சொல்வார்கள். ஒரு கன்னியாஸ்திரி, "இதையெல்லாம் எழுதி வையுங்க" என்று நீள நோட்டு ஒன்று தந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் ஆகும். ஐஸ் தொட்டு விரல் மரத்துப் போச்சு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன்.

அடுத்த கொட்டகையில் செலின் இருந்தாள். பத்தாம் வகுப்பு முடித்ததும் குஜராத்தில் இறால் உரிக்கும் கம்பெனிக்கு அவளை அனுப்ப வீட்டில் பேச்சு. ஒருநாள் நாகர்கோவில் பஸ் நிலையத்தில் அவளைத் தனியாகப் பார்த்தேன். மடியில் துணிப்பை. இடது செருப்பின் அறுந்த வாரை ஊக்குப் போட்டுச் சேர்த்திருந்தாள். மதுரை பஸ்கள் வந்தன, போயின. அவள் எழவில்லை. எனக்கும் அருகில் போய்ப் பேசத் தைரியமில்லை. தூண் பக்கம் நின்றேன். நாலு மணிக்கு அவளாகவே எழுந்து எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறினாள். நானும் ஏறினேன். இறங்கும்போது, "அண்ணே, ஆருட்டயும் சொல்லிராதிய" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன்.

பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். ஊக்கை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அது இல்லாமல் அந்தப் பெண் கதைக்குள் நடக்க மாட்டேன் என்றாள். அம்மாவின் இருமல் நினைவுக்கு வந்து அவள் திரும்பியதாக முடித்தேன். நாகர்கோவிலில் ஒரு சின்னப் பதிப்பாளர் அட்டையில் 'இளையோர் நாவல்' என்று போட்டு வெளியிட்டார். ஐஸ் கம்பெனி மேஸ்திரி புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சின்னப் பிள்ளைய வாசிக்கதா, பெரிய ஆளுவ வாசிக்கதாடே?" என்றார்.

"ரெண்டுக்கும் எடையில உள்ளவங்க."

"அவனுவ ஒண்ணும் வாசிக்க மாட்டானுவளே."

அவனுகள் வாசிக்கவில்லை. பெண்பிள்ளைகள் வாசித்தார்கள். தபால் அட்டைகள் வந்தன. ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு அதில் தலை கொஞ்சம் கனத்ததும் உண்மை.

செலின் குஜராத் போய்ச் சில வருடம் இறால் உரித்துவிட்டுத் திரும்பினாள். 2012-ல் அவளுக்கு முதல் ஓலை வாசித்த அன்று, கோயில் வாசலில் அவள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாப்பிளைக்க ஊரு இனயம், மக்கா. அவனுக்க தங்கச்சி ஷைனி பத்துல படிக்கா. புக்குன்னா சோறு வேண்டாமாம். ஒனக்க புக்கு அவளுக்க பள்ளிக்கூடத்துல உண்டாம். எனக்கு எவ்வளவு பெருமையா இருந்து தெரியுமா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டை விட்டுப் போன பெண் என்று ஒரு சொல் போதும், மூன்றாம் ஓலைக்கு முன் கல்யாணம் நின்றுவிடும். அந்தச் சொல்லை அச்சடித்து, அட்டை போட்டு, மாப்பிள்ளை ஊருக்கே அனுப்பி வைத்திருந்தவன் நான்.

இரண்டாம் ஓலை முடிந்த மறுநாள் இனயம் போனேன். பிழை திருத்தித் தருகிறேன் என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காமலே இருந்துவிடுவது என் திட்டம். தன் புத்தகத்தையே திருடப் போன எழுத்தாளன் வேறு யாரும் உண்டா தெரியவில்லை. நூலகம் பார்க்கும் டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்த்தினார். பிள்ளைகளைக் கூப்பிடட்டுமா என்றார். வேண்டாம் என்பதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. பதிவேட்டைப் பார்த்து, "புக்கு வெளிய போயிருக்கு சார்" என்று ஒரு பெயரில் விரல் வைத்தார். ஷைனி.

மூன்றாம் ஞாயிறு கோயிலில் தரையைப் பார்த்தபடி நின்றேன். "தடை ஏதும்" என்று சாமியார் வாசித்தபோது பின்னால் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை.

வெளியே கொடிமரத்துப் பக்கம் செலின் நின்றாள்.

"எனக்க கதைய எழுதீற்று எனக்கொரு புக்கு தரணும்னு தோணல்ல, இல்லியா? நாத்தனாரு தந்துதான் வாசிச்சேன்."

நான் அவள் செருப்பைப் பார்த்தேன்.

"அது நீயான்னு கேட்டாளா?"

"கேட்டா. இல்லேன்னேன். எனக்க காலப் பாத்துச் சிரிச்சா. இப்பவும் ஊக்குதான்."

"அவளுக்க அண்ணங்கிட்ட?"

"சொல்ல மாட்டா. ஒங்கள மாதிரி இல்ல அவ." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினாள். "அண்ணே, நா திரும்பி வந்ததுக்கு நீங்க எழுதுன காரணம் தெத்து. அம்மைக்க இருமலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"பெறவு ஏன் வந்த?"

"சொன்னா எழுதிருவிய."

கொட்டகைகள் இருந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் வாலிபால் ஆடுகிறார்கள். நான் போய் நின்றால் பேச்சை நிறுத்துகிறார்கள்; "எழுதீராதியும்" என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரிக்கிறார்கள். செலினுக்குப் பிறகு இரண்டு புத்தகம் எழுதினேன். அவற்றில் வரும் பிள்ளைகள் முழுக்க நானே உண்டாக்கியவர்கள். அவர்கள் என்னிடம் எதையும் மறைப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, தபால் அட்டை எதுவும் வரவில்லை.